வட சென்னையில் புது வீட்டின் மரவேலை: மரமும் பலகையும் மேல்பூச்சும் தேர்ந்தெடுக்கும் முறை

புது வீட்டின் மரவேலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறத்திலிருந்துதான் தொடங்குகிறது. லேமினேட் புத்தகத்தைப் புரட்டி, பிடித்த நிறத்தை முடிவு செய்து, அலமாரியின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்ட பிறகுதான், உள்ளே என்ன பலகை, நிலைக்கு என்ன மரம் என்ற கேள்விகள் வருகின்றன. வட சென்னையைப் பொறுத்தவரை இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் வீடு நிற்கும் இடம், அடுத்து மரமும் பலகையும், அதன்பின் பூச்சு வேலை நடக்கும் மாதம், எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறம். நிறம் பிடிக்காமல் போனால் பின்னாலும் மாற்றிக்கொள்ளலாம். ஊறிப்போன பலகையையோ கரையான் ஏறிய நிலையையோ அப்படி மாற்ற முடியாது.

இடத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

வட சென்னை முழுவதும் ஒரே தன்மையுடைய இடமல்ல. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் கடலை ஒட்டிய தெருக்களில் உப்புக்காற்று முதல் எதிரி. அது மரத்தை விட இரும்பைத்தான் முதலில் பிடிக்கும். கீல், திருகாணி, தாழ்ப்பாள் எல்லாம் துருப்பிடித்த பிறகு அந்தத் துரு மரத்தில் இறங்கும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம், கொளத்தூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர்தான் எதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையையும் பார்த்தவர்களுக்கு, தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது அரிதான கற்பனை அல்ல என்பது தெரியும். மணலி, எண்ணூர் பக்கம் ஆலைகளும் அனல்மின் நிலையமும் கனரக லாரிப் போக்குவரத்தும் இருப்பதால், சன்னலைத் திறந்து வைத்தால் கறுப்புத் தூசி நாள்தோறும் படியும்.

உங்கள் வீட்டுக்கு இந்த மூன்றில் எது பொருந்தும், எத்தனை பொருந்தும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளமா மேல்தளமா, வாசல் எந்தத் திசையை நோக்கியது, எந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறது என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் வரும் தேர்வுகளில் பாதி இந்த ஒரு தாளிலிருந்தே முடிவாகிவிடும்.

நிலையும் தலைவாசல் கதவும்

நிலைக்குத் தேக்கு வேண்டும் என்பது பலருடைய விருப்பம், அதில் தவறில்லை. ஆனால் தேக்கு என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட மரங்கள் விற்கப்படுகின்றன. பர்மா தேக்கும் நம் நாட்டுக் காடுகளில் முதிர்ந்து வளர்ந்த தேக்கும் எண்ணெய்ப்பசை மிகுந்து கனமாக இருக்கும். கானா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வருபவற்றில் பெரும்பகுதி தோட்டங்களில் விரைவாக வளர்ந்த இளமரம். அவற்றில் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான முதிர்மரம்) குறைவாகவும் ஓரத்து வெள்ளை மிகுதியாகவும் இருக்கும். கரையானும் உளுவும் முதலில் தின்பது அந்த வெள்ளைப் பகுதியைத்தான். வெள்ளை கலந்த பர்மா தேக்கை விட, வெள்ளை இல்லாத வேங்கையோ படாக்கோ நிலைக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. வேங்கையில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஈரம் பட்டால் சாயம் விடும். ஆகவே சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே அதற்கு ஒரு கை சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும்.

வால்டாக்ஸ் சாலையிலோ வேறு இடத்திலோ மரவாடிக்குப் போகும்போது உங்கள் ஆசாரியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; ஆனால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏழடி உயரமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு கதவுக்கு, கீழ்ப்படி இல்லாத நிலை என்றால், இரண்டு கால்களுக்கும் பதினான்கு அடி, மேல்சட்டத்துக்கு மூன்றரை அடி, ஆக 17.5 அடி நீளம் வேண்டும். மரத்தின் அளவு ஐந்துக்கு மூன்று அங்குலம் என்றால், ஐந்தை மூன்றால் பெருக்கி 144 ஆல் வகுத்து, அதை 17.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.82 கன அடி வரும். அறுத்த அளவு வேறு, இழைத்த பிறகு கிடைக்கும் அளவு வேறு. ஐந்துக்கு மூன்று என்று பணம் கொடுத்த மரம் இழைப்புக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் சிறிது குறையும் என்பதால், சுவரின் கனத்தோடு நிலை பொருந்துமா என்பதை இழைத்த அளவை வைத்தே பார்க்க வேண்டும்.

மரத்தின் ஈரப்பதத்தை அளக்காமல் வாங்காதீர்கள். ஊசி வைத்து அளக்கும் ஈரமானி இருந்தால் எளிது. இல்லையென்றால், மரத்தின் நடுப்பகுதியிலிருந்து அறுத்த ஒரு சிறு துண்டைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, நூறு டிகிரிக்குச் சற்று மேல் வைத்த அவனில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்து மீண்டும் எடை போடுங்கள். 230 கிராம் இருந்தது 200 ஆனால், இழந்த 30 கிராமைக் காய்ந்த எடையான 200 ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 15 விழுக்காடு. சென்னைக் காற்றில் 12 முதல் 14 வரை இருந்தால் நல்லது. 18ஐத் தாண்டினால் அந்த மரத்தை நிலைக்கோ கதவுக்கோ வைக்கக் கூடாது. ஓர் ஆண்டுக்குள் மூட்டுகள் விலகும், கதவு முறுக்கிக்கொள்ளும்.

இனி, வாசலில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாள்தோறும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோம். வெள்ளிக்கிழமைகளில் வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறோம். ஆகவே நிலைக்காலின் அடிமுனை ஒவ்வொரு நாளும் நனைகிறது. மரம் தன் நீளவாக்குப் பக்கத்தை விட வெட்டுமுனை வழியாகத்தான் மிக வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். நிலை பொருத்தப்பட்ட பிறகு அந்த வெட்டுமுனைக்கு யாராலும் பூச்சு அடிக்க முடியாது. எனவே நிலை இன்னும் தரையில் படுத்துக் கிடக்கும்போதே, அடிமுனை இரண்டையும் மெல்லிய பியூ (பாலியூரிதேன்) பூச்சிலோ எப்பாக்சியிலோ மூன்று முறை நனைத்துக் காயவிடுங்கள். முதல் இரண்டு முறை மரம் அப்படியே குடித்துவிடும். சுவரோடு ஒட்டும் பின்பக்கத்துக்கும் ஒரு கை பிரைமர் வேண்டும். கால்களை நேராகத் தரையில் ஊன்றாமல் ஓரங்குல கிரானைட் துண்டின்மேல் நிறுத்தினால், தெளிக்கும் தண்ணீர் மரத்தைத் தொடாமலேயே வடிந்துவிடும். மரப்படிதான் வேண்டும் என்பவர்கள் அதன் மேல்முகத்துக்கு நுண்துளைகள் முழுவதும் மூடிய பூச்சு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் மரத்துக்குள் இறங்கி நிரந்தரக் கறையாக நின்றுவிடும். பித்தளைத் தகடு பதிப்பது பழைய முறை. அழகும் பாதுகாப்பும் ஒருசேரக் கிடைக்கும்.

நிலை வைத்ததிலிருந்து பூச்சுவேலை முடியும் வரை அதைச் சாக்கோ பாலித்தீனோ கொண்டு சுற்றி வைக்கச் சொல்லுங்கள். சிமெண்ட் பால் தேக்கில் பட்டுக் காய்ந்தால் அங்கே நிறம் கறுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் முழுமையாகப் போகாது. இரும்பு ஆணியின் கறையும் அப்படியே. தேக்கு, வேங்கை, கருவேலம் போன்ற மரங்களில் உள்ள துவர்ப்புச் சத்து, ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கருநீலமாக மாறும். ஆகவே வாசல் கதவுக்குப் பித்தளைக் கீல்களையோ 304 தர எவர்சில்வர் கீல்களையோ வாங்குங்கள். கடலை ஒட்டிய தெருவாக இருந்தால் 316 தரத்துக்குக் கூடுதலாகச் செலவிடலாம். கீல் எந்த உலோகமோ, திருகாணியும் அதே உலோகமாக இருக்க வேண்டும்.

ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கு விட்டங்களும் கதவுகளும் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் இனி முறுக்காது என்பதால் அது நல்ல தேர்வு. உள்ளே புதைந்த ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்த பிறகே அறுவை மில்லுக்கு அனுப்ப வேண்டும். பழைய பெயிண்ட் இருந்தால் வீட்டுக்குள் வைத்து உலர்தேய்ப்பு செய்ய விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூளில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளுக்குக் கேடு.

அலமாரிக்கான பலகை

பிளைவுட்டில் மூன்று தரங்களை அறிந்திருந்தால் போதும். எம்ஆர் என்பது காற்றின் ஈரத்தை மட்டும் ஓரளவு தாங்கும். பிடபிள்யூஆர் (கொதிநீரைத் தாங்கும் தரம்) அதற்கு மேலானது. ஐஎஸ் 710 முத்திரை பெற்ற மரைன் பிளை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்ற சோதனைக்கு உட்பட்டது. மேல்தளப் படுக்கையறை அலமாரிக்கு பிடபிள்யூஆர் போதும். அங்கே மரைன் பிளை வாங்குவது தேவையற்ற செலவு. சமையலறைத் தொட்டியின் கீழ்ப்பகுதி, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி, தரைத்தளத்தின் அனைத்துக் கீழ்ப்பெட்டிகள் ஆகியவற்றுக்கு 710 தவிர வேறெதையும் ஏற்காதீர்கள்.

முத்திரையை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு பலகையிலும் ஐஎஸ்ஐ குறியோடு உரிம எண் அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் அது யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கானது என்று தெரிந்துவிடும். பலகையின் நான்கு ஓரங்களையும் விளக்கொளியில் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் உள்ளேயும் பொந்து இருக்கும். கடைக்காரரிடம் இரண்டங்குல வெட்டுத்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டு அடுப்பில் நான்கைந்து மணி நேரம் கொதிக்க வைப்பது எளிய சோதனை. தரக்குறைவான துண்டு அதற்குள் விரிந்து பிரிந்துவிடும்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை செதுக்குவதற்கு வசதியானது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும், பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது. அதன் உட்பகுதி பச்சை நிறமாக இருப்பதாலேயே அது தண்ணீரைத் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பச்சை வெறும் சாயம், பலகையின் தரத்தை அதன் ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். மரச்சீவலைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டை வட சென்னைத் தரைத்தளத்தில் எங்கும் வைக்காதீர்கள். இப்படிப் பசையிட்டுச் செய்யும் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வெளியேறும். ஈ1 அல்லது அதைவிடக் குறைந்த ஈ0 என்று குறித்தவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளம் வரக்கூடிய வீட்டில் அலமாரியின் அடிப்பீடத்தை மரத்தால் செய்யவே கூடாது. கடப்பாக் கல்லிலோ செங்கல் கட்டி டைல் ஒட்டியோ ஆறங்குலப் பீடம் அமைத்து, அதன்மேல் பெட்டியை வையுங்கள். பெட்டியின் அடிப்பலகையை மட்டும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையாகப் போட்டால், தண்ணீர் வடிந்த பிறகு கழுவித் துடைத்து மீண்டும் பயன்படுத்தலாம். குளியலறைக் கதவும் நிலையும் டபிள்யூபிசியாக இருப்பதே நல்லது.

அலமாரிக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் லேமினேட் ஒட்டினால் உள்பக்கமும் லேமினேட்தான் ஒட்ட வேண்டும். செலவைக் குறைக்க உள்ளே வெறும் பெயிண்ட் அடித்தால், இரு பக்கமும் ஈரத்தை ஏற்கும் அளவு மாறுபட்டு, கதவு வில்லாக வளையும். ஓரங்களுக்கு இயந்திரத்தில் சூடான பசையால் ஒட்டிய பிவிசி பட்டைதான் நிலைக்கும். கையால் ஒட்டியது சமையலறைச் சூட்டில் சில மாதங்களில் வாய் பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓரங்களுக்கும் பட்டை ஒட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஓரப்பட்டைகளும் பீடிங்கும்

தரையோரம் ஓடும் ஸ்கர்ட்டிங்குக்கு நம் ஊரில் மரம் வேண்டாம். நாள்தோறும் தரை துடைக்கும் வீட்டில் டைலோ கிரானைட்டோதான் பொருந்தும். நான்கு அங்குல உயரம் போதும். சுவர்ப்பூச்சோடு ஒரே மட்டமாக உள்வாங்கிப் பதித்தால் அதன் தலையில் தூசி நிற்காது. இதைப் பூச்சுவேலை தொடங்கும் முன்பே கொத்தனாரிடம் சொல்லியாக வேண்டும்.

தூசி மிகுந்த பகுதிகளில் நீளக் கோடுகளாகச் செதுக்கிய பேனல்கள், பல அடுக்குப் பீடிங் (விளிம்பில் ஒட்டும் அலங்காரப் பட்டை), பூவேலை ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால் அமைக்கும் கோட்டுப் பேனல் கடையில் அழகாகத் தெரியும். மணலியில் ஒரு வாரத்திற்குள் ஒவ்வொரு பள்ளத்திலும் கறுப்புக் கோடு விழும், அதைத் துடைக்க வேண்டியது யார் என்பதையும் வீட்டார் சேர்ந்து யோசிக்க வேண்டும். நேரான பட்டை, விளிம்பில் மட்டும் சிறிய உருட்டு, அவ்வளவு போதும். அலமாரி சுவரைச் சந்திக்கும் இடத்தில் இரண்டங்குலப் பட்டை ஒன்றைச் சுவரின் வளைவுக்கேற்ப இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இருப்பது அரிது. இடைவெளியைப் பட்டி வைத்து அடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் விரிசல் தெரியும்.

மேல்பூச்சும் மாதமும்

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் மரத்தின் ரேகையை ஆழமாகக் காட்டும். பழுது பார்ப்பதும் எளிது. தண்ணீர் பட்டால் வெள்ளைப் புள்ளி விழும், சூடான பாத்திரம் வைத்தால் தடம் பதியும். பூசையறைக் கதவுக்கும் பழைய தேக்கு மேசைக்கும் அது பொருந்தும். மெலமைன் கடினமானது, உள்ளறைக் கதவுகளுக்குப் போதுமானது. அடித்த பிறகு சில வாரங்களுக்குக் கண் எரிச்சலூட்டும் நெடி இருக்கும் என்பதால் குடிபுகுவதற்கு நன்கு முன்னதாகவே முடித்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். வெயிலும் உப்புக்காற்றும் படும் வாசல் கதவுக்கு வெளிப்புறப் பயன்பாட்டுக்கென்றே தயாரித்த பியூ வேண்டும். உள்புற பியூவை அங்கே அடித்தால் கிழக்கு வெயிலில் உரியத் தொடங்கும். வெள்ளை எனாமல் வெளிச்சம் குறைந்த அறையில் மஞ்சளாகும். வெள்ளைதான் வேண்டும் என்றால் தண்ணீர் கலந்து அடிக்கும் வகையைக் கேளுங்கள்.

தேக்கின் எண்ணெய்ப்பசை சில பூச்சுகளை உலரவிடாது. அதனால் முதல் பூச்சுக்கு முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாளை 120, 180, 220 என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். நேராக 220க்குத் தாவினால் இழைப்புளியின் தடங்கள் பாலிஷுக்குப் பிறகே கண்ணில் படும். சீலருக்குப் பின் 320, கடைசிப் பூச்சுக்கு முன் 400. வெனீர் ஒட்டிய பலகையில் மரத்தோலின் கனம் அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும் என்பதால் இயந்திரத் தேய்ப்பை அனுமதிக்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மாதம். புதுமனை புகுவிழாவைத் தை மாதத்தில் வைக்க வேண்டும் என்று குறித்துவிடுகிறோம். மார்கழியில் செய்வதில்லை, ஆகவே தை முதல் முகூர்த்தத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்று ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பாலிஷ்காரரை நெருக்குகிறோம். அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாளில் லேக்கரோ அரக்கோ அடித்தால், உலரும்போது ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு முழுவதும் பால் போல வெளுத்துவிடும். பியூவின் கெட்டிப்படுத்தும் திரவம் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழி விடும். புரட்டாசிக்குள் பூச்சை முடித்துவிட இயன்றால் முடித்துவிடுங்கள். இயலாவிட்டால், விழாவுக்கு வாசல் நிலைக்கும் கதவுக்கும் மட்டும் மழை விட்ட நாட்களாகப் பார்த்து வேலையை முடித்து, மற்றவற்றுக்குச் சீலர் மட்டும் அடித்து நிறுத்திவிட்டு, மாசி, பங்குனியில் மீதியைச் செய்யலாம். விழாவுக்கு வரும் உறவினர் ஒருவரும் உள்ளறைக் கதவின் பளபளப்பைக் கணக்கெடுக்கப் போவதில்லை. கோடையிலும் காலை பத்து மணிக்குப் பின் தொடங்கி, கடற்காற்று வலுக்கும் பிற்பகலுக்குள் ஸ்பிரே வேலையை நிறுத்துவது நல்லது. அந்தக் காற்று ஈரத்தையும் தூசியையும் சேர்த்தே கொண்டுவரும்.

நிறமும் ஒப்பந்தமும்

இப்போது நிறம். இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய குறுகிய மனைகளில் பகலிலேயே வெளிச்சம் குறைவு. அங்கே வால்நட் போன்ற அடர்நிறம் அறையை மேலும் இருட்டாக்கும். இளந்தேக்கு நிறமும் அரைமினுக்கும் பொருத்தமானவை. பளபளப்பான கறுப்பும் தூய வெள்ளையும் தூசியைக் காட்டிக்கொடுப்பதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

நிறத்தை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்த அதே மரத்தின் ஓரடித் துண்டில், அடிப்பூச்சு முதல் கடைசிப் பூச்சு வரை அனைத்தையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பகல் வெளிச்சத்திலும், அறையில் நீங்கள் மாட்டப்போகும் அதே விளக்கின் கீழும் பாருங்கள். வெள்ளை ஒளியில் சாம்பலாகத் தெரியும் நிறம் மஞ்சள் ஒளியில் சிவப்பாகத் தெரியும். பிடித்த துண்டின் பின்புறம் பொருளின் பெயர், நிற எண், கலவை விகிதம், பூச்சுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூலியைச் சதுர அடியில் பேசும்போது எதை அளப்பது என்பதையும் பேசிவிட வேண்டும். மேலே சொன்ன கதவு ஒரு பக்கம் 24.5 சதுர அடி. இரு பக்கமும் அளந்தால் 49. அலமாரிக்கு முன்பக்க அளவு மட்டுமா, உள்பக்கத்துக்குத் தனிக்கணக்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான சச்சரவுகள் விலையை விட இந்த அளவில்தான் எழுகின்றன.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு கைக்கண்ணாடியை எடுத்து, ஒவ்வொரு கதவின் அடியிலும் நீட்டிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் நின்றபடி பார்த்தால் தெரியாதவை என்பதால் பூச்சு இல்லாமலேயே விடப்படுவது வழக்கம். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வெறும் மரம் தெரிந்தால், கதவைக் கழற்றி அந்த இரு விளிம்புகளுக்கும் இரண்டு கை பூச்சு அடித்து மாட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.